கப்பல் ரெடியா? கடற்படைக் கட்டளையகங்கள் பராமரிப்பையும் தயார்நிலையையும் கண்காணிக்கும் விதம்: முழுமையான வழிகாட்டி

2011 பிப்ரவரியில் யாசி என்ற பெரும்புயல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஆட்களையும் வண்டிகளையும் நிவாரணப் பொருள்களையும் ஏற்றிப்போய்க் கரையில் இறக்கக்கூடிய பெரிய கப்பல்கள் அந்நாட்டுக் கடற்படையிடம் மூன்று இருந்தன: மனூரா, கனிம்ப்லா, டோப்ருக். தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றுகூடக் கிளம்பும் நிலையில் இல்லை. முதல் இரண்டும் துருவாலும் இயந்திரக் கோளாறுகளாலும் ஏற்கெனவே முடங்கிக் கிடந்தன. டோப்ருக் 48 மணி நேர அறிவிப்பில் புறப்படும் என்றுதான் மேலிடத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது. கேட்டபோது அதுவும் பழுதுபார்ப்பில்தான் இருந்தது.

பிறகு பால் ரிஸ்ஸோ தலைமையில் நடந்த ஆய்வு, ஒரு நாளில் வந்த கேடு அல்ல இது என்றது. பராமரிப்புப் பொறியியலுக்கு உரிய இடம் பல ஆண்டுகளாகத் தரப்படவில்லை. 'எப்படியாவது சமாளிச்சிடலாம்' என்ற பழக்கம் ஊறிப்போயிருந்தது.

ஒரு கட்டளையகம் இப்படிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க என்னென்ன செய்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். வெறும் அமைப்புப் படங்களை வைத்து விளக்கினால் தூக்கம் வரும். அதனால் கற்பனையான ஒரு போர்க்கப்பலை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்றாம் எண் தீயணைப்பு பம்பு. அந்தப் பம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் அட்மிரலின் மேசைவரை எப்படிப் போகிறது என்று பின்தொடர்வோம்.

படி 1: கப்பலுக்கு எத்தனை எஜமானர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கப்பலுக்குள் ஒரே தலைவர், அதன் கேப்டன். அவருக்கு மேலே போனால் கோடு மூன்றாகப் பிரிகிறது. கப்பலைக் கடலில் பயன்படுத்துபவர் ஒருவர். ஆள், பயிற்சி, உதிரிபாகம், பழுதுபார்ப்பு எல்லாம் கொடுத்து அதைத் தயார்செய்து அனுப்புபவர் இன்னொருவர். இந்தக் குழாய்க்கு இவ்வளவு அழுத்தம், இந்த வெல்டுக்கு இந்தச் சோதனை என்று விதி வகுப்பவர் மூன்றாமவர்.

அமெரிக்கக் கடற்படையில் இந்தப் பிரிவு தெளிவாகத் தெரியும். ஏழாவது ஃப்ளீட் போன்ற எண்ணிட்ட ஃப்ளீட்டுகள், அதாவது கப்பல் அணிகள், கப்பல்களைப் பயன்படுத்துகின்றன. மேற்பரப்புக் கப்பல், நீர்மூழ்கி, விமானப்பிரிவு என வகைவாரியாக இருக்கும் 'டைப் கமாண்டர்' அவற்றைத் தயார்செய்கிறார். தொழில்நுட்ப விதி 'நாவ்சீ' என்ற கடல்சார் அமைப்புகள் கட்டளையகத்திடம் இருக்கிறது. இந்தியக் கடற்படையில் ஏற்பாடு வேறு. மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் உள்ள மேற்கு, கிழக்குக் கட்டளையகங்களில் ஃப்ளீட்டும் கப்பல் பழுதுபார்க்கும் டாக்யார்டும் ஒரே தலைமைத் தளபதியின் கீழ் வருகின்றன. தொழில்நுட்பத் தலைமை டெல்லித் தலைமையகத்தில்.

எதற்கு இத்தனை பேர்? பயன்படுத்துபவருக்குக் கப்பல் இன்றைக்கே வேண்டும். தயார்செய்பவர் இன்னும் மூன்று வாரம் கேட்பார். விதி வகுப்பவர் காலண்டரைப் பார்க்கவே மாட்டார், பார்க்கவும் கூடாது. இவர்களுக்குள் சண்டை வருவது அமைப்பின் குறை போலத் தோன்றும். என் கணக்கில் அந்தச் சண்டைதான் அமைப்பைக் காப்பாற்றுகிறது. மூவரும் சிரித்த முகத்தோடு தலையாட்டும் கட்டளையகத்தில் யாரோ ஒருவர் தன் வேலையைச் செய்யவில்லை.

படி 2: காலண்டரைப் போடுங்கள்

எந்தக் கப்பலும் எப்போதும் தயாராக இருக்க முடியாது. ஒன்று கடலில் இருந்தால், ஒன்று பயிற்சியில், இன்னொன்று டாக்கில் என்று தோராயமாக மூன்றுக்கு ஒன்று கணக்கு வைப்பது பழைய வழக்கம்.

2014-இல் அமெரிக்கக் கடற்படை கொண்டுவந்த திட்டம் இதை 36 மாதச் சுழற்சியாக்கியது. முதலில் பராமரிப்பு, பிறகு அடிப்படைப் பயிற்சி, பிறகு மற்றக் கப்பல்களோடு சேர்ந்து கூட்டுப் பயிற்சி, கடைசியில் நீண்ட பயணமும் அதற்குப் பின்னான தயார்நிலைக் காலமும். இந்தியக் கடற்படை பராமரிப்பைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குகிறது: கப்பல் ஆட்களே செய்துகொள்ளும் எஸ்.எம்.பி., கரையிலிருந்து உதவி வரும் ஏ.எம்.பி., அப்புறம் யார்டில் நடக்கும் சீரமைப்பான ரீஃபிட்: குறுகிய ரீஃபிட், சாதாரண ரீஃபிட், மீடியம் ரீஃபிட். பெயர்கள் மாறினாலும் எல்லா நாட்டிலும் வேலை மூன்று தட்டுகளில்தான் நடக்கிறது: கப்பலில் முடிவது, கரையிலுள்ள பராமரிப்புப் பிரிவில் முடிவது, டாக்யார்டுக்குப் போயே தீரவேண்டியது.

காலண்டர் போடுவது சுலபம், காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஒரு கப்பல் டாக்கில் இரண்டு மாதம் கூடுதலாகத் தங்கினால், அதற்காக வெளியே காத்திருக்கும் கப்பலின் இடம் போகிறது, கடலில் இருக்கும் கப்பலின் பயணம் நீள்கிறது, நீண்ட பயணத்தால் அது இன்னும் மோசமான நிலையில் டாக்குக்கு வருகிறது. ஜார்ஜ் வாஷிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அணு எரிபொருள் மாற்றவும் முழுச் சீரமைப்புக்கும் 2017-இல் யார்டுக்குள் போனது. திட்டம் சுமார் நான்கு ஆண்டு. வெளியே வந்தது 2023 மே மாதம்.

படி 3: அன்றாட வேலை நிஜமாகவே நடக்கிறதா என்று பாருங்கள்

இப்போது நம் பம்புக்கு வருவோம். கப்பலில் ஒவ்வொரு கருவிக்கும் பராமரிப்பு அட்டை உண்டு. தினமும், வாரந்தோறும், மாதந்தோறும் என்ன செய்ய வேண்டும், எந்தக் கருவி வேண்டும், எத்தனை பேர், எவ்வளவு நேரம், முதலில் எந்த வால்வை மூட வேண்டும் என்று வரிசையாக இருக்கும். மூடிய வால்வில் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். சீட்டு இருக்கும்வரை யாரும் அதைத் திறக்கக்கூடாது, கேப்டனே வந்தாலும்.

நம் பம்பு பழைய வகை. சுழலும் தண்டான ஷாஃப்டைச் சுற்றி, தண்ணீர் கொட்டாமல் அடைக்கும் கிளாண்ட் பேக்கிங் கயிறு இருக்கும். இதில் ஒரு நுணுக்கம். பம்பு ஓடும்போது அந்த இடத்தில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டுவதுதான் பேக்கிங்கைக் குளிரவைக்கிறது, வழவழப்பாகவும் வைக்கிறது. புதிதாக வந்த மாலுமி, 'ஐயோ, ஒழுகுதே' என்று நட்டை இறுக்கிவிட்டால் சொட்டுவது நிற்கும். தரை காய்ந்து சுத்தமாக இருக்கும். உள்ளே பேக்கிங் காய்ந்து, சூடேறி, ஷாஃப்டின் மேலுறையான ஸ்லீவைத் தின்னத் தொடங்கும். சில வாரம் கழித்து எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் ஊற்றாகக் கொட்டும். பார்க்க அழகாக இருந்த பம்புதான் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருந்தது.

இந்தச் சொட்டு அட்மிரலுக்குத் தெரியாது. அவருக்குப் போவது சதவீதம்: இந்த மாதம் செய்யவேண்டிய வேலைகளில் எவ்வளவு முடிந்தது என்ற எண். செய்யாமலே கையெழுத்துப் போடும் பழக்கத்துக்கு அமெரிக்க மாலுமிகளிடையே 'கன்டெக்கிங்' என்று ஒரு பெயரே உண்டு. பெயர் வைக்கும் அளவுக்குப் பழைய வியாதி என்று அர்த்தம். இதற்கு மருந்து திடீர்ச் சோதனை. கையெழுத்தான ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு மேலதிகாரி அந்த மாலுமியிடமே போய், 'இதை எப்படிச் செஞ்சே, காட்டு' என்பார். கருவி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாலே விஷயம் புரிந்துவிடும். ஒரு கப்பல் மாதாமாதம் நூற்றுக்கு நூறு அனுப்பினால் பாராட்டுக் கடிதம் எழுதுவதற்கு முன் யாரையாவது அனுப்பிப் பார்ப்பது நல்லது.

படி 4: பழுதுச் செய்தி தடையில்லாமல் மேலே வரட்டும்

நம் பம்பு நின்றுவிட்டது. கப்பலிலேயே சரிசெய்ய ஸ்லீவ் இல்லை. இப்போது கேப்டன் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் அதற்குப் பெயர் 'கேஸ்ரெப்', பிரிட்டன் வழிவந்த கடற்படைகளில் 'ஆப்டெஃப்'. எது உடைந்தது, அதனால் கப்பல் எந்த வேலையைச் செய்ய முடியாது, என்ன பாகம் வேண்டும், எப்போது சரியாகும், வெளியிலிருந்து ஆள் வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

அமெரிக்க முறையில் கப்பல்களுக்கான பழுதுகள் 2, 3, 4 என்று வகைப்படுகின்றன. முதன்மைப் பணி ஒன்றில் சிறு குறைவு என்றால் 2. பெரும் குறைவு, ஆனால் முழுக்கப் போகவில்லை என்றால் 3. முதன்மைப் பணி ஒன்றே போய்விட்டது என்றால் 4. பல பம்புகளில் ஒன்று மட்டும் போயிருந்தால் இரண்டாம் வகையில் நின்றுவிடும். அடுத்த வாரம் இன்னும் இரண்டு போனால் அதே பழுது வேறு கதை. அதனால்தான் கட்டளையகத்தில் இதைப் படிப்பவர் பழுதை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் ஒரே கப்பலில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் நொய்மையானது. தன் கப்பலால் முடியாது என்று எழுதி அனுப்ப எந்தக் கேப்டனுக்கும் கை வராது. பதவி உயர்வு, பயணம், பக்கத்துக் கப்பலோடு ஒப்பீடு எல்லாம் மனதில் ஓடும். முதல் செய்தி வந்ததும் 'உங்கள் கப்பலில் மட்டும் ஏன் இப்படி?' என்று போனில் கத்தும் அட்மிரலுக்கு இரண்டாவது செய்தி வராது. பழுது மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

படி 5: உதிரிபாகம்

கிடங்கில் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால், டாக்கில் கிடக்கும் இன்னொரு கப்பலிலிருந்து கழற்றலாமா என்ற கேள்வி வரும். அவசரத்துக்கு எல்லாக் கடற்படையும் இதைச் செய்கிறது. ஆனால் இதில் ஒரே பாகத்துக்கு இரண்டு மடங்கு வேலை: இங்கே கழற்றி அங்கே மாட்டவேண்டும், புதுப் பாகம் வந்ததும் இங்கே மறுபடி மாட்டவேண்டும். கழற்றும்போது பக்கத்திலிருந்த கேஸ்கட்டும் போகும். இதற்கு அனுமதி தரும் அதிகாரத்தைக் கப்பல் மட்டத்தில் விடாமல் மேலேயே வைத்துக்கொள்வதும், ஒரே பாகம் எத்தனை முறை இப்படிக் கழற்றப்படுகிறது என்று எண்ணி வருவதும்தான் கட்டளையகத்தின் வேலை. மூன்றாவது முறை கழற்றினால் கிடங்கின் கணக்கில்தான் கோளாறு.

படி 6: டாக்குக்குப் போகும் முன் பட்டியலை முடித்துவிடுங்கள்

கப்பலில் பாக்கியிருக்கும் வேலைகள் எல்லாம் ஒரே பட்டியலில் சேர்ந்துகொண்டே வரும். டாக் காலம் நெருங்கும்போது கட்டளையகத்தின் பராமரிப்பு அதிகாரிகளும் கப்பலின் பொறியாளரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்கள். இதைக் கப்பல் செய்யட்டும், இது கரைப் பிரிவுக்கு, இது யார்டுக்கு, இது அடுத்த முறைக்கு, இது தேவையே இல்லை. நம் பம்பு இந்தக் கூட்டத்தில்தான் பிழைக்கும் அல்லது ஒத்திப்போடப்படும்.

பட்டியல் சீக்கிரம் பூட்டப்பட வேண்டும். மேற்பரப்புக் கப்பல்களுக்கு வேலை தொடங்க 120 நாள் முன்பே ஒப்பந்தம் கொடுத்துவிட வேண்டும் என்பது அமெரிக்கக் கடற்படை வைத்த இலக்கு. காரணம் எளிது. யார்டு ஆளைப் பிடிக்க வேண்டும், சாமான் ஆர்டர் போட வேண்டும். அதற்குப் பிறகு நுழையும் ஒவ்வொரு வேலையும் கூடுதல் பணத்தையும் நாள்களையும் தின்னும்.

ஆனாலும் வேலை வளரும். எரிபொருள் தொட்டியையோ நிலைநிறுத்தும் நீர்த்தொட்டியையோ திறந்து உள்ளே இறங்கினால்தான் தகட்டின் உண்மை நிலை தெரியும். சுத்தியலால் தட்டினால் பொருக்கு பொருக்காக உதிரும் இடங்கள் எந்தப் பட்டியலிலும் இருந்திருக்காது. இதைத் தவிர்க்க முடியாது, குறைக்கலாம். முந்தைய பயணம் முடிந்ததுமே தொட்டிகளைத் திறந்து பார்ப்பது, முங்கு வீரர்களை அனுப்பிக் கப்பலின் அடிப்பாகத்தை ஆராய்வது, அதே வகைக் கப்பலில் போன முறை எங்கே துரு இருந்தது என்ற பதிவை எடுத்துப் பார்ப்பது. இந்தக் கடைசி வேலைக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் அதிகம் தவறிப்போவது அதுதான்.

படி 7: டாக்கில் கப்பல் மிகவும் பலவீனமாக இருக்கும் என்பதை மறக்காதீர்கள்

கடலில் இருக்கும் கப்பலைவிட டாக்கில் இருக்கும் கப்பலுக்கே ஆபத்து அதிகம் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். பாதி இயந்திரங்கள் பிரித்துக் கிடக்கும். தீயணைப்புக் குழாய்கள் அடைத்திருக்கும். கதவுகள் வழியே கேபிளும் குழாயும் ஓடுவதால் மூட முடியாது. எங்கே பார்த்தாலும் வெல்டிங் பொறி. கப்பலில் ஆள் குறைவு, யார்டு தொழிலாளர்கள் அதிகம்.

2020 ஜூலை 12, சான் டியேகோவில் போனோம் ரிச்சர்ட் என்ற, படைகளைக் கரையில் இறக்கும் பெரிய கப்பல் பராமரிப்பில் இருந்தபோது கீழ்த்தள வாகனக் கிடங்கில் தீப்பிடித்தது. நான்கு நாளுக்கு மேல் எரிந்தது. விசாரணையில் தெரிந்தது: கப்பலின் தீயணைப்பு நிலையங்களில் 87 சதவீதம் பயன்பாட்டில் இல்லாத நிலையில் வைக்கப்பட்டிருந்தன. நுரை தெளிக்கும் பொத்தானை யாரும் அழுத்தவில்லை. கப்பல், யார்டு, துறைமுகத் தீயணைப்புப் பிரிவு, மேலுள்ள பல கட்டளையகங்கள் இவற்றில் யார் எதற்குப் பொறுப்பு என்பதே குழம்பிக் கிடந்தது. சரிசெய்யும் செலவைப் பார்த்துவிட்டு 2021-இல் அந்தக் கப்பலையே சேவையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதனால் நம் மூன்றாம் எண் பம்பைக் கழற்றும் நாளிலேயே, அதற்குப் பதிலாகக் கரையிலிருந்து தண்ணீர் வருகிறதா, அழுத்தம் போதுமா, அதை யார் தினமும் சோதிக்கிறார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அட்மிரல் யார்டுக்கு வந்தால் பெயின்ட் அடித்த இடத்தைக் காட்டுவார்கள். அவர் கேட்கவேண்டியது ஹோஸை எடுத்துத் திறந்து காட்டச் சொல்லித்தான்.

டாக்கிலிருந்து வெளியே எடுக்கும் நேரமும் அப்படித்தான். தண்ணீர் ஏற ஏறக் கப்பல் கீழிருக்கும் கட்டைகளிலிருந்து மெல்ல எழும். அந்தச் சில நிமிடங்களில் எடை எங்கே இருக்கிறது, எந்தத் தொட்டியில் எவ்வளவு திரவம் என்ற கணக்கு பிசகக்கூடாது. 2016 டிசம்பர் 5-ஆம் தேதி மும்பை டாக்யார்டில் ஐ.என்.எஸ். பெத்வா வெளியே எடுக்கும்போது பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. இருவர் இறந்தனர். கப்பலைப் பிறகு நிமிர்த்திச் சரிசெய்து மறுபடி சேவைக்குக் கொண்டுவந்தார்கள்.

படி 8: சோதித்துப் பார்த்து வாங்குங்கள்

யார்டு 'முடிந்தது' என்று சொன்னதும் கையெழுத்துப் போடக்கூடாது. முதலில் கரையில் கட்டியிருக்கும் நிலையிலேயே இயந்திரங்களை ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு கப்பல் கடலில் இருப்பதுபோலவே நடித்து, கரையோடு தொடர்பைத் துண்டித்துச் சில நாள், ஆட்கள் இரவும் பகலும் முறைவைத்துப் பணியில் நிற்க, ஓட்டுவார்கள். இதற்கு 'ஃபாஸ்ட் குரூஸ்' என்று பெயர். வேகமான பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். கரையோடு இறுகக் கட்டியிருப்பதால் அந்தப் பெயர். கப்பல் ஓர் அங்குலம் நகராது. அதற்கப்புறம்தான் கடலில் சோதனை ஓட்டம்.

1963 ஏப்ரல் 10 அன்று த்ரெஷர் என்ற அமெரிக்க அணு நீர்மூழ்கி, யார்டிலிருந்து வெளியே வந்த மறுநாள் ஆழச் சோதனையில் மூழ்கியது. 129 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு உருவான 'சப்சேஃப்' முறையில், தண்ணீரைத் தடுக்கும் எல்லா உலோகப் பாகத்துக்கும் எல்லா வெல்டுக்கும் பதிவு இருக்க வேண்டும். பதிவு இல்லையென்றால் வேலை நடக்கவில்லை என்றே கொள்ளப்படும். அந்தச் சான்றிதழ் பெற்ற ஒரு நீர்மூழ்கியைக்கூட அமெரிக்கா இதுவரை இழக்கவில்லை.

கட்டளையகத்துக்கும் கப்பலுக்கும் சம்பந்தமில்லாத ஒரு மூன்றாவது கண்ணும் வேண்டும். அமெரிக்காவில் 'இன்சர்வ்' என்ற ஆய்வுக்குழு அதைச் செய்கிறது. இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டச் சொல்வார்கள், நங்கூரத்தை இறக்கச் சொல்வார்கள், சுக்கானை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சடாரென்று திருப்பச் சொல்வார்கள். காகிதம் பேசாத இடம் அது.

படி 9: ஆட்களையும் கப்பலாகவே எண்ணுங்கள்

டாக்கிலிருந்து வரும் கப்பலில் பாதிப் பேர் புதியவர்கள். இயந்திரம் சரியாக இருந்தாலும் அதை ஓட்டுபவருக்குக் கை பழகியிருக்காது. அதனால் கடல் பயணம், தீயணைப்பு, தாக்குதல் என ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனிச் சான்று. பிரிட்டனில் இந்தப் பயிற்சிப் பிரிவின் கெடுபிடி பிரசித்தம். வாரந்தோறும் நடக்கும் பெரிய ஒத்திகைக்கு 'வியாழக்கிழமைப் போர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். புகை, வெள்ளம், காயம்பட்டவர், மின்வெட்டு எல்லாம் ஒரே காலையில் வரும்.

இதை விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 போதும். அந்த ஜூன் மாதம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற கப்பல் மோதலில் சிக்கி 7 பேர் இறந்தார்கள். ஆகஸ்டில் ஜான் எஸ். மெக்கெய்ன் மோதி 10 பேர். இரண்டும் ஜப்பானைத் தளமாகக் கொண்டவை. அங்கிருந்த குரூசர், டெஸ்ட்ராயர் வகை அமெரிக்கப் போர்க்கப்பல்களின் பயிற்சிச் சான்றுகளில் 37 சதவீதம் அந்த ஜூனில் காலாவதியாகியிருந்தன என்று அரசின் தணிக்கை அலுவலகம் சொன்னது. கப்பல்கள் கடலில் தேவைப்பட்டுக்கொண்டே இருந்ததால் பயிற்சிக்கென்று நேரம் ஒதுக்கப்படவே இல்லை. சான்று முடிந்தால் 'அது இல்லாமலே போகலாம்' என்று ஒரு விலக்கு, விலக்கு முடிந்தால் இன்னொரு விலக்கு.

படி 10: விலக்கை யார் கொடுக்கிறார், எத்தனை கொடுத்திருக்கிறார்?

கட்டளையகத்தின் காலைக் கூட்டத்தில் ஒரு பலகை இருக்கும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஆள், கருவி, உதிரிபாகம், பயிற்சி என நிறங்கள். பச்சை நிறைய இருந்தால் அறையில் எல்லோருக்கும் நிம்மதி. நான் அந்த அறையில் உட்கார்ந்தால் நிறத்தைப் பார்க்க மாட்டேன். அந்தப் பச்சைக்குப் பின்னால் எத்தனை விலக்கு இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை நாள் பழையது என்ற பட்டியலைத்தான் கேட்பேன்.

விலக்கே கூடாது என்று சொல்லவில்லை. 1942 மே 27-இல் பவளக் கடல் சண்டையில் அடிபட்ட யார்க்டவுன் விமானந்தாங்கி பேர்ல் ஹார்பருக்கு வந்தபோது மூன்று மாத வேலை என்று மதிப்பிட்டார்கள். அட்மிரல் நிமிட்ஸ் மூன்று நாள்தான் தந்தார். ஓட்டைகளுக்குத் தகடு வைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இரவும் பகலும் வேலை செய்து, மே 30-இல் கப்பலை மிட்வே சண்டைக்கு அனுப்பினார்கள். ஆனால் அங்கே எந்த வேலை விட்டுப்போனது, ஏன் என்பது முடிவெடுத்தவருக்குத் தெரியும். போர் நடந்துகொண்டிருந்தது. அமைதிக்காலத்தில், யாரும் முடிவெடுக்காமலே, ஒவ்வொரு மாதமும் 'அடுத்த மாதம்' என்று தள்ளிப்போவது வேறு ரகம். பாய்ஸ் என்ற தாக்குதல் நீர்மூழ்கி 2015-இல் கடைசிப் பயணம் முடித்து வந்தது. யார்டில் இடம் கிடைக்காமல் காத்திருந்து, 2017-இல் மூழ்கும் சான்றிதழையே இழந்தது. அதன் பெரிய பழுதுபார்ப்புக்கான ஒப்பந்தம் 2024-இல்தான் கையெழுத்தானது.

விலக்குக்கு மூன்று விதி போதும். கொடுப்பவர், கேட்பவரைவிட ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும். முடியும் தேதி இருக்க வேண்டும். அந்தத் தேதி வந்தால் தானாக நீளாமல், பலகையில் கப்பலின் நிறம் தானாகச் சிவப்பாக வேண்டும்.

அப்புறம்?

பயணம் முடிந்து கப்பல் திரும்புகிறது. நல்ல கட்டளையகத்தில் பராமரிப்பு அதிகாரிகள் கப்பல் கரை சேரும்வரை காத்திருக்க மாட்டார்கள். கடைசி இரண்டு மூன்று நாள் பயணத்தில் அவர்களே ஏறி, இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்ப்பார்கள். கரையில் குடும்பங்கள் பூங்கொத்தோடு நிற்கும் நேரத்தில், கீழே பம்பு அறையில் ஒருவர் டார்ச் அடித்து, மூன்றாம் எண் பம்பின் கிளாண்டிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.